பவுடர் டின்னில் போட்ட மஞ்சள் மருந்து

இஞ்சாருங்கோ, என்ர மாட்டு டொக்டரே,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. குண்டசாலை வீட்டில் உங்கள் மருந்துப் பை இன்னும் கதிரையில்தான் இருக்கிறது, எடுத்து வைக்க எனக்கு மனமில்லை. நேற்று மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், நீங்கள் கடைசிவரை மனதில் பூட்டி வைத்த கதையை மாரியாயியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

யுத்த காலத்தில் அவளுடைய பசுவுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்ததே, அந்தக் கதைதான். சிறுநீர் தேயிலைச் சாயமாய்ப் போகிறது என்று ஆள் அனுப்பியிருந்தாள். தண்ணீரில் கரைத்து ஊசி போடும் அந்த மஞ்சள் தூளின் பைக்கற் ஓரம் கிழிந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா? அதை என் பழைய பவுடர் டின்னில் கொட்டி, உங்களிடம் சொல்லாமலே பைக்குள் வைத்துவிட்டேன்.

வத்துகாமத்துச் சோதனைச் சாவடியில் இராணுவத்தார் டின்னைத் திறந்தார்கள். பெயரில்லாத மஞ்சள் தூள், யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. வெடிமருந்தென்று பிடித்து வைக்க வேறென்ன வேண்டும்? மூன்று நாட்கள் உங்களை விடவில்லை.

வீங்கிய முகத்தோடு வந்து, "ஆர் டின்னுக்குள்ள போட்டதெண்டு கேட்டாங்கள். நான்தான் எண்டு சொல்லிப்போட்டன். நீர் பயப்பிடாதையும்" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதற்குள் பசு செத்துப்போயிருந்தது.

"ஒங்கள நம்பித்தானே இருந்தோம், ஏன் வரல?" என்று, நீங்கள் பிறகு அங்கே போனபோது மாரியாயி தன் வாசலில் நின்று ஏச, தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்களாம். பிடிபட்ட கதை பரவினால் தோட்டத்து ஆட்கள் பயத்தில் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், மற்ற மாடுகளும் செத்துப்போகும் என்று என்னையும் வாய் திறக்க விடவில்லை. உங்களுக்கு மாடுதான் முதல், நான் எப்போதும் இரண்டாவதுதான். அதில் எனக்குக் கோபமில்லை என்றால் பொய்.

நேற்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஐயாவ வாய்க்கு வந்தபடி ஏசுனேனேம்மா" என்று அழுதாள்.

"என்னை ஏசுங்கோ. செய்தது நான்தானே" என்றேன்.

"ஐயாவே ஒங்கள ஏசல. நான் எப்படிம்மா ஏசுவேன்?" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

ஏன் ஏசவில்லை நீங்கள்? ஒருநாள் கத்தியிருந்தால் நானும் அழுது, மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். நீங்கள் பேசாமல் இருந்ததால் எனக்கும் வாய் வரவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தும் அந்த ஒரு சொல் வரவில்லையே.

நானும் ஒருநாள் வருவேன். வந்ததும் முதல் வேலையாக உங்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பேன், இது சத்தியம். அன்றைக்காவது என்னை வாய் நிறைய ஏசுங்கோ.

உங்கள் மனைவி,
பவளம்