பதினான்கு டன் வீட்டின் குறைகள்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று முழுக்கக் குப்பைத்தொட்டிச் சண்டை. விகாண்ட் டாக்டருக்கு வண்டிக்குள் ஐந்து தொட்டி வேண்டுமாம். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, மக்குவது, மீதி. பதினான்கு டன் லாரி, அதன் முதுகில் எங்கள் பட்டறை கட்டும் ஓர் அறை. அதில் ஏறி அவரும் மனைவியும் மங்கோலியா வரைக்கும் போய் இரண்டு வருடம் சுற்றுவார்கள். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பிள்ளைகளின் பல்லையெல்லாம் கம்பி கட்டி நேராக்கியவர்.

"கோபி பாலைவனத்துல காகிதக் குப்பை எந்தக் கிழமை எடுக்க வருவாங்கன்னு விசாரிச்சீங்களா டாக்டர்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அது தெரியற வரைக்கும் சேர்த்து வெச்சிருப்போம்."

முதலாளி ஹஸ்லிங்கர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். தொட்டிகளுக்கு இடம் கண்டுபிடித்தேன். செருப்பு அலமாரி போனது. நான் இங்கே தச்சுவேலைக்கு இருப்பவள், வாதாட அல்ல. இதை அவர் எனக்கு இரண்டு முறை சொன்னார்.

நவம்பர் 8, சனி

வீட்டுக்காரரிடம் கடைசியாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. இந்த மாதக் கடைசியில் காலி செய்யத்தான் வேண்டும். வீடு மகனுக்குத் தேவைப்படுகிறதாம். மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

நவம்பர் 15, சனி

ரோசன்ஹைம் நகரத்தில் வாடகைக்கு ஒரு அறை பார்க்கப் போனேன். மாடிப்படி முழுவதும் வரிசை. முன்னால் நின்றவன் கையில் கேக். அவன் சுட்டதாம். பின்னால் நின்றவள் தன்னைப் பற்றி ஒரு கோப்பு தயாரித்து வந்திருந்தாள், அட்டையில் சிரிக்கும் படம். அறையில் ஜன்னல் இருந்தது, அதற்கு வெளியே சுவர் இருந்தது.

வீட்டுக்காரி கேட்டாள்: "உங்க கனவு என்ன?"

"கூரை."

சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டாள். கேக் கொண்டுவந்தவனுக்குத்தான் கிடைத்திருக்கும். நானும் ஏதாவது சுட்டுக்கொண்டு போயிருக்கலாம். ச்சே, என்ன நினைப்பு இது.

நவம்பர் 24, திங்கள்

போன குளிர்காலத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு நார்வேயில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. அவர் முதலாளியைத் தொலைபேசியில் பிடித்து ஒரு மணி நேரம் திட்டினார். அதனால் இனி எந்த வண்டியையும் சும்மா ஒப்படைப்பதில்லையாம். விகாண்ட் வண்டியில் யாராவது மூன்று வாரம் குடியிருந்து, குளிரில் எது கெடுகிறது என்று எழுதித்தர வேண்டும். பட்டறை முற்றத்திலேயே, டயர் அடுக்குக்குப் பக்கத்தில்.

"யாருக்கு இஷ்டம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"எனக்கு" என்றேன்.

மின்வேலை பார்க்கும் ஸ்கெந்தர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வீட்டைக் காலி செய்வது அவனுக்குத் தெரியும்.

நவம்பர் 30, ஞாயிறு

இரண்டு பை, ஒரு பெட்டி. குடிபுகுந்தாயிற்று.

தரை சூடாக இருக்கிறது. காலுறை இல்லாமல் நிற்கிறேன். சுவருக்குள் கையகல நுரைப்பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, ரொட்டி சுட அடுப்பு, சேற்றுத் தண்ணீரையும் குடிதண்ணீராக்கும் வடிகட்டி. நான் இழைத்த அலமாரியில் என் சட்டைகள். இழுப்பறையை மூடினால் சத்தமே இல்லை. நான்தான் செய்தேன், ஆனாலும் திரும்பத் திரும்ப மூடிப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வர வேண்டும். ஏழு அறை வீடு இருக்கும் டாக்டருக்கு எட்டாவது அறை, அதுவும் சக்கரத்தோடு. கோபம் வருகிறது. கால் சூடாக இருக்கும்போது கோபம் அவ்வளவாக நிலைப்பதில்லை என்பதும் இன்று தெரிந்தது.

டிசம்பர் 3, புதன்

காலையில் எழுதிக் கொடுத்த குறை: கதவுக் கீலில் ஈரம் கோக்கிறது. மதியத்துக்குள் கீலை மாற்றிவிட்டார்கள். பழைய வீட்டில் குளியலறைப் பூஞ்சைக்கு இரண்டு வருடம் எழுதினேன்.

டிசம்பர் 12, வெள்ளி

குறைகள் தீர்ந்துவிட்டன. அதுதான் பிரச்சினை. நன்றாகக் கட்டித் தொலைத்திருக்கிறோம்.

முதலாளி சொன்னார்: "அப்போ அடுத்த வாரம் ஒப்படைச்சிடலாம்."

அடுத்த வாரம் நான் எங்கே போவது? உட்கார்ந்து யோசித்து எழுதினேன்: *படுக்கையில் படுத்தால் வடக்கு எது என்று தெரியவில்லை.*

முதலாளி படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தூக்கி எறிவார் என்று நினைத்தேன். டாக்டருக்குத் தொலைபேசி போட்டார். மறுமுனையில் ஏதோ நீளமாகப் பேச்சு.

"ரொம்ப முக்கியமான விஷயம்னு சொல்றாரு" என்றார் முதலாளி, மெல்ல. "தலைமாட்டுல திசைகாட்டி பதிக்கணுமாம். கப்பல்ல வர்ற மாதிரி, பித்தளையில."

பித்தளைத் திசைகாட்டி ஹாம்பர்க்கிலிருந்து வர வேண்டும். பண்டிகைக்கு முன் வராது.

டிசம்பர் 13, சனி

டாக்டர் தனியாக வந்தார். காரில் அல்ல, பேருந்தில். கதவைத் தட்டிவிட்டு ஏணியின் கீழேயே நின்றார், யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்ததைப் போல. அவருடைய வண்டி அது.

உள்ளே வந்து உட்கார்ந்தார். டீ கொடுத்தேன், அவருடைய கெண்டியில்.

"அந்த வடக்கு," என்றார். "அருமை. இன்னும் இந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"என்ன மாதிரி டாக்டர்?"

"ஒரு மாசம், ஒன்றரை மாசம் இழுக்கற மாதிரி."

பிறகு சொன்னார். அவரிடம் இருப்பது பழைய ஓட்டுநர் உரிமம். ஏழரை டன் வரைதான் செல்லும். ரொட்டி அடுப்பும் தொட்டிகளும் சேரச் சேர வண்டி பதினான்கு டன் ஆகிவிட்டது. புதிதாகத் தேர்வு எழுதப் போனார். தாள் தேர்வில் தப்பே இல்லை. ஓட்டும் தேர்வில், பின்பக்கமாகப் போய்ச் சரக்கு மேடையில் சேர்த்து நிறுத்த வேண்டிய இடத்தில், மூன்று முறையும் தோல்வி. கடைசி முறை மேடையே நகர்ந்துவிட்டதாம்.

"வீட்டுல தெரியுமா?"

"என் மனைவி இர்ம்காட் கிட்ட எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். கேக் கூட வெட்டினோம்."

சொல்லிவிட்டு என் பற்பசையைப் பார்த்தார், காயும் சட்டையைப் பார்த்தார். "நீங்களும் அவசரத்துல இல்லைன்னு தெரியுது."

நாங்கள் கை குலுக்கவில்லை. ஆனாலும் பேசி முடித்த மாதிரிதான். ஏழு அறைக்காரரும் அறையே இல்லாத நானும் ஒரே பொய்க்குள் ஒண்டுக்குடித்தனம். எனக்கு அவரைப் பிடிக்கக் கூடாது. பிடிக்கவும் இல்லை. போகும்போது கெண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 19, வெள்ளி

*கழிவறையில் இருமினால் எதிரொலிக்கிறது.* தக்கைப்பலகை ஒட்டினார்கள்.

டிசம்பர் 24, புதன்

ஸ்கெந்தர் வீட்டில் சாப்பாடு. அவனுக்குப் பண்டிகை இல்லை, ஆனால் விடுமுறை உண்டே, அதனால் பீட்சா. அவன் மனைவி டப்பாவில் கட்டியும் கொடுத்தாள். திரும்பி வந்தேன். முற்றத்தில் பனி, டயர்கள் மேல் வெள்ளைத் தொப்பி. விளக்கைப் போட்டதும் என் வீடு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

"என் வீடு" என்று எழுதியிருக்கிறேன். கவனம்.

ஜனவரி 8, வியாழன்

நகர அலுவலகத்தில் முகவரி பதியப் போனேன். பதியாவிட்டால் வங்கிக் கடிதம் வராது, மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் வராது. அங்கிருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினாள்.

"எந்த மாடி?"

"மாடி இல்லை. ஏணி."

"அழைப்புமணியில் பெயர்?"

"மணி இல்லை."

"தபால்பெட்டி?"

"இல்லை."

"அப்போ அது வீடு இல்லைம்மா."

திரும்பி வந்து எழுதினேன்: *வண்டியில் தபால்பெட்டி இல்லை.*

ஜனவரி 9, வெள்ளி

முதலாளி கத்தியே விட்டார். "கோபியில யாரு தபால் போடுவா? ஒட்டகமா?"

டாக்டருக்குத் தொலைபேசி. நீண்ட பேச்சு. முதலாளி காதிலிருந்து கருவியை எடுத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு வெச்சதா வேணுமாம்," என்றார்.

ஸ்கெந்தர் என் பக்கம் குனிந்தான். "ஆசாரியம்மா, அடுத்து பால்கனி கேளு. நாங்களும் வந்து உட்காருவோம்."

ஜனவரி 14, புதன்

தபால்பெட்டி மாட்டியாயிற்று. மாலைக்குள் முதல் தபால்: சமையலறை வாங்கினால் தள்ளுபடி என்று ஒரு விளம்பரத் தாள்.

ஜனவரி 22, வியாழன்

அடுத்த வாடிக்கையாளரின் லாரி வெளியே பனியில் நிற்கிறது. முற்றத்தில் இடமில்லை, நான் இருக்கிறேன். முதலாளி இன்று ஏணியில் ஏறி உள்ளே வந்தார். தக்கைப்பலகை, திசைகாட்டி, அலமாரியில் என் புத்தகங்கள், எல்லாவற்றையும் பார்த்தார்.

"யான்கா, உண்மையைச் சொல்லு. உனக்குப் போக இடமில்ல, அதானே?"

"ஆளுங்க குடியிருக்க வீடு கட்டற ஊரா இருந்தா இடம் இருக்கும். நாம கட்டறது இதைத்தானே முதலாளி."

"நானா ஊருக்கு வீடு கட்டணும்? நான் லாரிக்காரன்."

அவர் சொன்னதும் சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல். அவரே மகள் வீட்டு மாடியில் இருக்கிறார், பட்டறைக்கு வாங்கிய கடனுக்காகத் தன் வீட்டை விற்றுவிட்டு. இதை நான் சௌகரியமாக மறந்துவிடுகிறேன்.

"பிப்ரவரி பத்து," என்றார். "அன்னைக்கு வண்டி போகுது. வடக்கு தெரிஞ்சாலும் தெரியாட்டியும்."

ஜனவரி 24, சனி

டாக்டர் பேருந்தில் வந்தார். நான்காம் தேர்விலும் தோல்வி. இந்த முறை மேடை நகரவில்லையாம், அதை ஒரு முன்னேற்றமாகச் சொன்னார். வண்டியின் அச்சே கோணல் என்று எழுத முடியுமா என்று கேட்டார். எழுதினால் வண்டியைப் பிரிக்க வேண்டும், மே மாதம் ஆகிவிடும்.

மே. அப்போது குளிர் இருக்காது, கூடாரத்தில்கூடச் சமாளிக்கலாம்.

ஆனால் அச்சு கோணல் என்றால் வண்டியில் வேலை செய்த ஸ்கெந்தருக்கும் மற்றவர்களுக்கும் கெட்ட பெயர். யோசிக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

தாளை எடுத்து வைத்துக்கொண்டு *அச்சு* என்று எழுதியிருந்தேன். கதவு தட்டப்பட்டது. டாக்டர் என்று நினைத்துத் திறந்தேன். ஒரு அம்மாள், குட்டையாக, கையில் நான்கு தலையணை உறை.

"நான் இர்ம்காட் விகாண்ட். அளவு சரியா இருக்கான்னு பார்க்க வந்தேன்."

உறைகளை மாட்டிப் பார்த்தாள். என் பற்பசை, என் டப்பா, என் புத்தகம். எல்லாவற்றையும் பார்த்தாள். ரொட்டி அடுப்பைத் திறந்து மூடினாள். தபால்பெட்டியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பணப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். கனரக வண்டி. அவளுடைய படம்.

"பக்கத்து ஊர்ல கத்துக்கிட்டேன். அவரு மேடையில இடிக்கிற சத்தம் எங்க ஊர் முழுக்கக் கேட்டுதே. முதல் தடவையிலேயே குடுத்துட்டாங்க."

"டாக்டருக்கு..."

"தெரியாது. தன்னாலயே சொல்லுவாருன்னு காத்திருந்தேன். சொல்ல மாட்டேங்கறாரு, குறை மட்டும் கூடிக்கிட்டே போகுது." அட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். "எனக்கு அறுபத்தெட்டு வயசும்மா. இடுப்புல ஒரு பக்கம் இரும்பு, இன்னொரு பக்கமும் கேட்குது. இந்த வருஷம் போகலேன்னா நான் எங்கேயும் போகப் போறதில்ல. நீங்க இதுல குடியிருந்தவங்க. சொல்லுங்க, இந்த வண்டியில நிஜமா ஏதாவது குறை இருக்கா?"

கையின் அடியில் அந்தத் தாள். ஒரு வார்த்தை போதும். அச்சு. மே வரைக்கும் சூடான தரை.

என்னவோ. இவள் ஏன் நல்லவளாக இருந்து தொலைக்க வேண்டும். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"ஒண்ணும் இல்லைங்க," என்றேன். "நான் இருந்ததுலேயே நல்ல வீடு."

அவள் என் தோளைத் தொட்டாள். தொடாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

போயிற்று. அந்த அம்மாள் ஓட்டினாள். டயர் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே, பின்பக்கமாகவே, ஒரே வீச்சில் தெருவுக்கு எடுத்தாள். டாக்டர் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டு, மடியில் வரைபடத்தோடு. முகத்தில் அவமானம் இருக்கும் என்று பார்த்தேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டவரின் நிம்மதிதான் இருந்தது. எனக்குக் கையசைத்தார்.

முற்றத்தில் பனி இல்லாத ஒரு செவ்வகம். என் வீடு இருந்த இடம்.

பிப்ரவரி 11

ஸ்கெந்தர் வீட்டுச் சோபா. இரண்டு அறையில் ஐந்து பேர், இப்போது ஆறு. கழிவறையில் நான் இருமினால் எல்லோருக்கும் கேட்கிறது.

பிப்ரவரி 21, சனி

இன்னொரு அறை பார்த்தேன். கேக் கொண்டு போனேன். ஆமாம். கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே எட்டுக் கேக் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

விகாண்ட் அம்மாள் துருக்கியிலிருந்து, இந்த மாதிரி வண்டிக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: எங்கள் வண்டியில் ஒரு தச்சர் குளிர்காலம் முழுக்கக் குடியிருந்து சோதித்தார், இதுவரை ஒரு திருகுகூட கழலவில்லை, படுத்தபடியே வடக்கு தெரிகிறது.

முதலாளியின் தொலைபேசி ஓயவில்லை. எல்லோருக்கும் குடியிருந்து பார்த்த வண்டிதான் வேண்டுமாம். சிலருக்குத் தபால்பெட்டியும்.

மார்ச் 9, திங்கள்

முதலாளி புது விளம்பரத் தாளைக் காட்டினார். என் படம், ஏணியில் நின்றபடி. கீழே: *ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் யான்கா முதலில் வாழ்ந்து பார்க்கிறார்.*

"சம்பளம் கூட்டித் தர்றேன்" என்றார். "இது இப்போ ஒரு பதவி."

"எனக்கு வீடில்லாததை விக்கறீங்க."

"ஆமா," என்றார். "நல்லா விக்குது." பிறகு தரையைப் பார்த்தபடி, "வேற வழி இருந்தா சொல்லு, அதையே செய்யறேன்."

அவர் அடுத்த வண்டியின் சாவியை மேஜையில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே காப்பி முழுவதையும் குடித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

புது வண்டி. பல் டாக்டர் இல்லை, வக்கீல். இதில் ரொட்டி அடுப்புக்குப் பதில் நீராவிக் குளியல். இரண்டு பை, ஒரு பெட்டி. விளக்கு விசை இடப்பக்கம் இருக்கிறது, கை வலப்பக்கச் சுவரைத் தடவுகிறது.

இரவில் குறைத் தாளை எடுத்தேன். *எதுவும் இல்லை* என்று எழுதினேன். வெளியே மழை, உள்ளே தரை சூடு.

அதை அடித்துவிட்டு எழுதினேன்: *மழைச் சத்தம் போதவில்லை.*