நீங்கள் காத்திருந்த முக்கால் மணி நேரம்

அன்புள்ள அக்கா,

நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். மெஷினிலிருந்து வந்த தாளைக் கையில் வாங்கினால் சூடு. அந்தச் சூட்டுக்கென்று ஒரு வாசனை உண்டே, அது மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூவில் ஆள் ஞாபகம் வரும். நமக்கு வருமானச் சான்றிதழின் ஜெராக்ஸில்.

பக்கத்தில் ஒரு அம்மா கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு பதினொண்ணு முடிச்சிருக்கா. லீவுல காலேஜ்ல கிளாஸ் வெக்கறாங்களாமே, நம்மளால கட்ட முடியற மாதிரி எதுனா இருக்குதா?" கடைக்காரர் என்னைக் கை காட்டினார். "இவங்கள கேளுங்க, எல்லாம் தெரியும்." எனக்கு எங்கே தெரியும்? தெரிந்ததெல்லாம் உங்களுக்கு. நான் உங்கள் கூடவே இருந்து பழகியவள், அவ்வளவுதான். அந்த அம்மா நீட்டிய நோட்டீஸைக் கீழ்வரியிலிருந்து மேலே படித்துக் காட்டினேன். தங்குவதற்குத் தனிக் கட்டணம் என்று கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. அந்த அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கீழிருந்து படிக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். "மேல இருக்கறது அவங்க சொல்ல வந்தது. கீழ இருக்கறதுதான் நம்ம தலையில கட்டப் போறது" என்பீர்கள். காலை பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, மயிலம் தாண்டுவதற்குள் மூன்று நோட்டீஸையாவது கிழித்துப் போட்டுவிடுவோம். நான் விழுப்புரத்தில் ஆவண எழுத்தரிடம் டைப் அடிப்பவள். நீங்கள் அங்கேயே ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுப்பவர். உங்கள் மகளும் என் மகனும் வேறு வேறு பள்ளியில் ஒரே வகுப்பு. நம் இரண்டு பேர் வீட்டிலும் பிள்ளையை லீவில் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் வசதி கிடையாது. ஆசை மட்டும் இருந்தது.

நீங்கள் போன் போடும் அழகே தனி. "சார், இலவசம்னு போட்டுக்கிறீங்க. வந்தப்புறம் சாப்பாட்டுக்கு, பெட்டுக்கு, பக்கெட்டுக்குன்னு கேப்பீங்களா? இப்பவே சொல்லிடுங்க, எங்களுக்குப் பேஜாரு வேணாம்." எதிர்ப்பக்கம் ஆள் திணறுவது எனக்கே கேட்கும். பெட்டி முழுக்கச் சிரிக்கும்.

நம் இரண்டு பேருக்குள் ஒரு பழக்கம் இருந்தது. யார் கண்ணில் முதலில் பட்டாலும், தன் பிள்ளைக்குப் போடும் முன் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். அதோடு, ஒருத்தர் போட்டு முடித்த பிறகுதான் இன்னொருத்தர் போட வேண்டும். பத்தாவது லீவில் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டு, இரண்டுமே சுற்றிச் சுற்றி நின்றுபோய், இரண்டு பிள்ளைக்கும் இடம் இல்லாமல் போனதே, அன்றிலிருந்து. அது வெறும் நெட்வொர்க் கோளாறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை. "ஒண்ணு ஒண்ணா போவோம்டி, எதுக்கு வம்பு" என்றீர்கள்.

அடுத்த வருடம், பதினொன்றாவது லீவு. சென்னையில் ஒரு கல்லூரியில் பத்து நாள் அறிவியல் முகாம். ஆய்வகத்தில் பிள்ளைகளே கை வைத்துச் செய்யலாம், தங்குவது சாப்பாடு எல்லாம் அவர்களே. வருமானச் சான்று வைத்தால் முழுக் கட்டண விலக்கு. கீழிருந்து படித்தேன், மேலிருந்து படித்தேன், ஒரு குற்றமும் இல்லை. கட்டண விலக்கு இடங்கள் கொஞ்சம்தான், முதலில் வருபவர்களுக்கே என்று மட்டும் இருந்தது. செவ்வாய்க்கிழமை அது என் கண்ணில் பட்டது.

உங்கள் மகளுக்கென்றே யாரோ நடத்துவது போல இருந்தது அக்கா. பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்று அழுத பெண் அவள். என் மகனுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கே அவனுக்குப் போட்டேன். முதலில் சொன்னால் நீங்கள் முந்திக்கொண்டு, இவனுக்கு இடம் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, அவித்த மல்லாட்டையை உரித்து உரித்து, கடலையை என் கையில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். தின்றேன். சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்களே போன் செய்தீர்கள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்கே? அத்த அப்படியே வெச்சிட்டு ஜல்தியா கேளு. மெட்ராஸ்ல ஒரு கேம்ப். கீழ இருந்து படிச்சிட்டேன், சுத்தமா இருக்குது. மொதல்ல உன் பையனுக்குப் போடு. முடிச்சிட்டு ஒரு போன் அடி, அப்பால நான் எம் பொண்ணுக்குப் போடறேன்."

'இல்லக்கா, நீங்க மொதல்ல போடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் திருடினது கூட வெளியே வந்திருக்காது. பதற்றத்தில் "சரிக்கா, இப்பவே போடறேன்" என்று சொல்லிவிட்டேன். உடனே திரும்பக் கூப்பிட்டால் சந்தேகம் வருமே. விண்ணப்பம் போட எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் போகட்டும் என்று உட்கார்ந்து ஒரு கிரயப் பத்திரம் டைப் அடித்தேன். நாலு எல்லையும் பிசகில்லாமல் அடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, "போட்டாச்சுக்கா" என்றேன்.

பத்து நிமிஷத்தில் உங்களிடமிருந்து போன். "முடிஞ்சு போச்சாம்டி. இப்பத்தான் மூடினாங்களாம், அந்த மேடம் சொன்னாங்க." அடுத்த மூச்சில், "பரவால்ல. உன் பையனுக்காச்சும் கெடச்சுதே, நான் சொன்னது வீண் போகல" என்றீர்கள். திங்கட்கிழமை பெட்டியில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் மகன் போய் வந்து மெஸ் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினான். இப்போது காமர்ஸ் படிக்கிறான். உங்கள் மகள் விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். அவளுக்கு அந்தப் பத்து நாள் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான் என்பது மட்டும் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். போன ஐப்பசி மழையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடி வந்தேன். "பையன் சாப்பிட்டானாடி?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? மறுநாள் விடிவதற்குள் நீங்கள் இல்லை.

நேற்று ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் அப்போதுதான் காலேஜிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், முக்கால் மணி நேரம் உட்பட. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும் அத்தே. கேம்புக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அவன் இங்க வந்தான். இன்னா இன்னா எடுத்துக்கினு போணும்னு இங்கிலீஷ்ல இருந்துச்சு, படிச்சுச் சொல்லுன்னு கேட்டான். அந்தப் பேப்பர்ல அவன் விண்ணப்பம் போட்ட தேதி இருந்துச்சு. செவ்வாக்கெழமை."

"அம்மாகிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா அம்மா உங்ககூடப் பேசுறத வுட்டுடும். அப்பா துபாய்ல. அப்புறம் அது யார்கூடத்தான் பேசும்? உங்ககூட ரயில்ல போறப்ப சிரிக்கறது ஒண்ணுதான் அதுக்கு. வீட்டுல எங்க சிரிச்சுது?"

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். அன்றைக்கு அவன் கொண்டுபோக வேண்டியதையெல்லாம் அவள்தான் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள் அக்கா. தான் போக வேண்டிய இடத்துக்கு. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நான் பெட்டி அடுக்கினேன். அவன் எழுதியது என்று நினைத்திருந்தேன்.

இத்தனை நாளும் இந்தப் பாரம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்து, அதிலேயே கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டுக்கொண்டிருந்தேன். நான் சொன்ன பொய் உங்கள் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டது, பதினாறு வயதில், உங்கள் மகள்.