வெட்டக் கூடாத குழாய்

இன்று காலை அடையாறு ஆய்வகத்துக்குப் புது உலை வந்தது. பெட்டியைப் பிரித்ததும் உலையின் நடுவில், இரு முனையும் மூடிப் பற்றவைத்த எஃகுக் குழாய். அதன்மேல் வெட்டாதே, துளைக்காதே என்று மஞ்சள் ஸ்டிக்கர். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் உன்னை நினைத்து நின்றுவிட்டேன்.

நீயும் நானும் ஒரே மேசையில் வெப்பமானிகளைச் சரிபார்த்த காலம். அதற்கு நாம் பயன்படுத்திய பழைய உலையிலும் இதே மாதிரிக் குழாய்; அதற்குள் சோடியம் உலோகம் அடைத்திருந்தது. சூட்டில் அது உருகி, ஆவியாகி, வெப்பத்தை ஒரே சீராகப் பரப்பும். மூடியிருக்கும்வரை பயமில்லை. உடைந்து தண்ணீர் பட்டால் வெடிக்கும். உலை பழுதாகி ஓய்ந்ததும், "குழாயைச் செஞ்சவங்களுக்கே திருப்பி அனுப்பிடணும் சார்" என்று மேலாளரிடம் சொன்னாய். தலையாட்டினார். சாந்தோம் கோயில் திருவிழாவுக்கு நீ விடுப்பில் போனாய். நானும் வெளிவேலையில் இருந்தேன். மேலாளரோ ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுக் குழாயைப் பழைய இரும்போடு ஏற்றி அனுப்பிவிட்டார்.

விடுப்பு முடிந்து வந்து, உலை நின்ற மூலை காலியாக இருப்பதைப் பார்த்ததும், "கிளம்புடி" என்றாய்.

ஆய்வகத்தின் பழைய இரும்பை வழக்கமாக வாங்கும் கடை மேற்கு மாம்பலத்துச் சந்தில் இருந்தது. கேஸ் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு ஒருவர் குழாயின்மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். பின்னால் அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தினாய்.

நெருப்பை அணைத்து நிமிர்ந்தார். "இன்னாம்மா?"

உள்ளே இருப்பதைச் சொன்னாய். அவர் இரண்டடி பின்வாங்கினார். "வெடிக்கிற சரக்கு கீதுன்னு ஒருத்தரும் சொல்லலியேம்மா."

"மறந்துட்டாங்கண்ணே" என்று நான் முந்திக்கொண்டேன்.

"மறக்கல. தெரிஞ்சேதான் அனுப்பிச்சாங்க. நாங்க அங்கதான் வேலை பாக்கறோம்" என்றாய் நீ.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். அந்த அம்மா மோர் கொண்டுவந்தார். "வெயில்ல ஓடியாந்து உசுரக் காப்பாத்துனீங்க. குடிங்க." டம்ளரை வாங்கினாய்; உதட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில், சாக்கில் சுற்றிய குழாய் நம் இருவர் மடியிலும் கிடந்தது. தி.நகர் நெரிசலில் நின்றபோது, "நமக்குப் போய் நன்றி சொல்றாங்கடி" என்று அழுதாய்.

ஆய்வகத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னோம். "அதான் ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார் மேலாளர்.

"ஆகலைன்னா சரியாயிடுமா சார்?"

குழாயைச் செய்த நிறுவனத்துக்கு நீயே முன்னின்று அனுப்பிவைத்தாய்.

நீ இங்கிருந்து போனபின் அந்த மேலாளர் நாற்காலி எனக்கு வந்தது. பழைய கருவி எது வெளியே போனாலும் கூடவே போகிறேன். வெட்டப்போகிறவரைத் தேடிப்பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்று நேரில் சொல்கிறேன். "இதுக்கா மேடம் நீங்களே வந்தீங்க?" என்கிறார்கள். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புகிறேன். அன்று அந்த இருவரின் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை.