பன்னிரண்டாவது வட்டம்

ஆகஸ்ட் 5, திங்கள்

காற்று. ஆடிக் காற்று. பஸ் ஜன்னல் மூடவில்லை, கண்ணெல்லாம் மண். கல்லூரி ஸ்டுடியோவில் ஏசி ஓடவில்லை, கம்ப்யூட்டர் ஓடியது. அதுவே பெரிது.

இன்று, படத்தில் இருக்கும் ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும் பயிற்சி. சுருட்டை முடி, பறக்கும் முடி, ஒரு இழை விடாமல். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம். எனக்கு ஆறு நிமிடம். ப்ளெக்ஸ் கடையில் ஆறு வருடம் இதே வேலை. வெட்டிய தலைகளை எல்லாம் நிற்க வைத்தால் ஒரு பஞ்சாயத்து தேறும்.

பக்கத்து சீட் ஹரிணி எட்டிப் பார்த்து, "செமண்ணா, எப்படிண்ணா?" என்றாள். நாலு பேர் கூடினார்கள். காட்டினேன். கற்றுக்கொண்டார்கள். பதினோரு மணிக்குக் கூட்டமாக கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

வாங்க என்று யாரும் சொல்லவில்லை. திமிர் இல்லை அது, மரியாதை. எனக்கு இருபத்தேழு, அவர்களுக்குப் பத்தொன்பது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது, வகுப்பில் யாரும் என் பெயரைச் சொன்னதில்லை. வருகைப் பதிவுகூட நம்பர்தான். நித்யா மேடத்துக்கு என்னைவிட ஒரு வயது கூட இருக்கும். மற்ற பிள்ளைகளை "வாப்பா, உக்காருப்பா". என்னை மட்டும் "நீங்க".

புது வேலை கொடுத்தார். சுய உருவப்படம்.
– படத்தில் நாம் இருக்க வேண்டும்
– கேமராவை நாமே நம் பக்கம் திருப்பக் கூடாது
– 16ஆம் தேதி மதிப்பீடு. தேறாவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பேப்பர் மறுபடியும்

"ஃப்ரெண்டை எடுக்கச் சொல்லலாமா மேடம்?" ஹரிணி.

"தாராளமா. உங்கள வேற யாரோ பாக்கணும். அதான் விஷயமே."

உடனே ஜோடி ஜோடியாகத் திரும்பிக்கொண்டார்கள். நான் டிபன் டப்பாவைத் தேடுவதுபோல் பையைக் கிளறினேன். டப்பா மேலேயே இருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

கோயில் பண்டிகை, கல்லூரி லீவு. ரூமில் நான் மட்டும். தெருவெல்லாம் மைக் செட்.

துவைத்தது: சட்டை 4, பேன்ட் 2, போர்வை. வாங்க வேண்டியது: சோப்பு, பென் டிரைவ்.

வாழப்பாடிக்கு, அண்ணனுக்கு போன். "சாப்டியாடா? சரி சரி, கெழங்கு லோடு ஏத்தறாங்க, அப்புறம் பேசறேன்." பதினான்கு விநாடி. போனே கணக்குச் சொல்கிறது.

டீக்கடைக்காரரிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். பாதியில் அவர் விரல், மீதியில் நான். வங்கிக் கணக்கு தொடங்க நிற்பவன் மாதிரி இருக்கிறேன். "போதுங்களா சார்?" என்றார். போதும் என்றேன். ரூமுக்கு வந்து அழித்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பாய்லரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 10, சனி

புதுச்சத்திரம். சனிக்கிழமை மட்டும் இன்னும் குமரேசண்ணன் ப்ளெக்ஸ் கடையில் வேலை. ஆடியில் கல்யாணம் கிடையாது, எல்லாம் மாரியம்மன் பேனர். அம்மன் ஒன்றுதான், ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

மத்தியானம் சும்மா இருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்கைத் துடைக்கச் சொன்னார் அண்ணன். கல்யாண ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். அங்கே நான்.

இதை எழுதி வைக்க வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கடைக் கல்யாண பேனரில் மேலே மாப்பிள்ளை பெண். கீழே 'வாழ்த்தும் உள்ளங்கள்', நண்பர்களின் முகங்கள், இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு வட்டம். பத்துப் பேர், பதினோரு பேர் படம்தான் வரும். கல்யாண பேனரில் காலி வட்டம் ஆகாது. அண்ணன் சொல்வார்: "ஒரு தலை கொறைஞ்சா எல்லார் கண்ணும் அங்கதான் போகும். எதாவது ஒண்ண எடுத்து ரொப்பு." பழைய ஃபைலிலிருந்து யார் முகமாவது போகும். முன்னூறு பேர் வந்து சாப்பிட்டுப் போகிற இடத்தில் அது யார் என்று யார் கேட்கப் போகிறார்கள்.

நாலு வருடம் முன்பு அப்படி நான் ரொப்பிய ஒரு முகம் இறந்தவருடையது. அவருடைய கண்ணீர் அஞ்சலி பேனரும் இதே கடையில்தான் போட்டது, வேறு டிசைனர். எனக்குத் தெரியாது. இறந்து இரண்டு மாதம். கல்யாண மண்டபத்து வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் தம்பி கடைக்கு வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "இந்தச் சிரிச்ச படம் எங்ககிட்ட இல்லீங்க, ஒரு காப்பி குடுங்க" என்றார். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வட்டம் காலியாக இருந்தால் என் பாஸ்போர்ட் படத்தை வைத்தேன். நான் உயிரோடு இருப்பது எனக்கு உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான் காரணம். எல்லோருக்கும் கீழே பெயர் வரும், எனக்குப் போட மாட்டேன். யாரும் கேட்டதில்லை.

முதலில் அதுதான் காரணம். பிறகு, பதினோரு படம் வந்தால் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பன்னிரண்டு வந்தால் ஏமாற்றம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எண்ணினேன். 43 கல்யாணம். ஒன்றுக்கும் எனக்குப் பத்திரிகை வரவில்லை.

மேடம் கேட்ட படம் இதுதான். கேமராவை என் பக்கம் திருப்பவே வேண்டாம். பேனர்களைப் போய் எடுத்தால் போதும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வெயில், காற்று. காலை 7 மணிக்குக் கிளம்பி பஸ், பஸ், நடை.

கல்யாணம் முடிந்த பேனரை யாரும் எறிவதில்லை. மழைக்கு ஆகும், வெயிலுக்கு ஆகும். கிடைத்தவை:
1. பரமத்தி வேலூர், வெற்றிலைக் கட்டுகளுக்கு மேல் போர்த்தியது. என் மேல் ஈரச் சாக்கு.
2. அதே ஊர், வாழைத்தார் ஏற்றும் டெம்போவின் கூரை. தலைகீழ்.
3. நாமக்கல் போகும் வழி, குளியலறைத் தடுப்பு. உள்ளே ஆள். எடுக்கவில்லை.
4. கோழிப் பண்ணை, பக்கவாட்டுப் படுதா. வெளுத்துவிட்டேன், மீசை மட்டும் மீதி.
5. இளநீர்க் கடை நிழல்.

இளநீர்க்காரரிடம், "இது நான்தாங்க" என்று காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படீங்களா. வழுக்கையா, தண்ணியா?"

ஐந்து இடத்தில் என் முகம். ஒரு இடத்தில்கூட உட்காரச் சொல்ல ஆள் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், ஏனோ.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஸ்டுடியோ. படங்களை ஏற்றினேன். கை தன்னிச்சையாக முகத்தை வெளுப்பாக்கப் போனது, கடைப் பழக்கம். நிறுத்தினேன். கோழிப் பண்ணை வெயில் ஏற்கெனவே போதுமான அளவு வெளுப்பாக்கி வைத்திருக்கிறது.

ஹரிணியை அவள் தோழி எடுத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில், வாயில் கிளிப், முடியைத் தூக்கிக் கட்டும் நேரம். நல்ல படம். பொறாமையாக இருந்தது. வெளிச்சத்தில் இல்லை பொறாமை. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருத்தி இருந்திருக்கிறாளே, அதில்.

மதியம் மாடிப்படியில் சாப்பிட்டேன். புளிசாதம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததும் நழுவினேன். இன்னும் ஒரு படமாவது வேண்டும்.

புதுச்சத்திரம் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் காற்றுக்குக் கட்டியிருந்தார்கள். 'மணிகண்டன்' என்று மாப்பிள்ளை பெயர் பாதி தெரிகிறது. என் வட்டம் எருமையின் தலைக்கு நேராக. குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யாருங்க அது?"

ஒரு அம்மா, கையில் தீவனக் கூடை. பதில் சொல்வதற்குள் என்னைப் பார்த்து, பேனரைப் பார்த்து, கூடையைக் கீழே வைத்தார்.

"அட, நம்ம மணி சினேகிதருங்களா. தெனமும் மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப பாக்கற மொகமாச்சே. ஏஞ்சாமி, ஊட்டுக்கு வராம கொட்டாயில நின்னுட்டு இருக்கற? வா சாமி, உள்ள வா."

இல்லைங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளே போனேன். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, பெரிய தட்டு. மருமகள் பிரசவத்துக்குப் போன இடத்திலிருந்து இன்னும் வரவில்லையாம். மகன் போர் போடும் ரிக் லாரியில், ராஜஸ்தான் பக்கம். வீட்டில் அந்த அம்மா தனியாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கும் இருந்தது, எனக்குத் தெரியாதா அது.

"இரு, அவனக் கூப்படறேன். சினேகிதரு வந்துருக்காருன்னா குதிப்பான்."

தடுப்பதற்குள் வீடியோ கால். வாயில் சோறு. கையில் போனைத் திணித்துவிட்டு, "பேசிட்டு இரு சாமி, மோர் கொண்டாரேன்" என்று உள்ளே போய்விட்டார்.

திரையில் புழுதியாக ஒரு முகம், பின்னால் லாரி. நான் பேனருக்கு வெட்டிய மாப்பிள்ளை முகம்தான், கொஞ்சம் கறுத்திருக்கிறது. முறைத்தான்.

"யாருங்க நீங்க?"

விழுங்கினேன். மறைக்க ஒன்றும் தோன்றவில்லை. "உங்க கல்யாண பேனர் டிசைன் பண்ணினவன். நீங்க பதினோரு படம்தான் குடுத்தீங்க. ஒரு வட்டம் காலி. என் படத்தை வெச்சுட்டேன். தப்புதான். அம்மாகிட்ட சொல்லிட்டு இப்பவே போயிடறேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், போன் ஆடியது.

"ரெண்டு வருசமா எனக்கும் என்ற சம்சாரத்துக்கும் இதே சண்டை. அவ பெரியப்பன் பையன்னு நான் நெனச்சுட்டு இருக்கறேன். என்ற வண்டி ஆளுன்னு அவ. அது நீதானா?"

நீ.

"உன்ற பேரென்ன?"

சொன்னேன். என் குரலில் என் பெயரைக் கேட்டு எத்தனை நாள். வங்கியில் சொன்னதுதான் கடைசி.

அதற்குள் அம்மா மோருடன் வந்துவிட்டார். "தெரியுதாடா?" என்றார். அவசரமாக ஒரு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"தெரியாம என்னம்மா, நம்ம தனபாலு. நல்லா சோத்தப் போட்டு அனுப்பு. டேய், ஆடாம இரு, டவர் போகுது."

ஆடாமல் இருந்தேன். கட் ஆனது.

ரோடு வரை நடந்து வந்தேன். கண்ணில் மண் விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். இல்லை, அழுதேன். இங்கே எழுத என்ன.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மதிப்பீடு. என் முறை கடைசி. ஐந்து படங்களைப் பெரிதாகச் சுவரில் ஒட்டி, காலி வட்டத்தின் கதையைச் சொன்னேன். கோழிப் பண்ணைக்குச் சிரித்தார்கள். எருமைக்கு ரொம்பவே.

ஹரிணி கேட்டாள்: "அண்ணா, இவங்கள்ல யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"ஒருத்தரைத் தெரியும். நேத்துல இருந்து."

நித்யா மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். "வேலை நல்லா இருக்குங்க. பேனர் என்ன ஆகுதுங்கறது தனி ப்ராஜெக்ட்டே பண்ணலாம். ஆனா நான் கேட்டது இது இல்ல. இந்த முகத்தை வெச்சது நீங்க. எடுக்கக் குனிஞ்சதும் நீங்க. உங்கள வேற யாரும் இதுல பாக்கலையே."

சரியாகத்தான் சொன்னார். கோபம் வந்தது, சரியாகச் சொன்னதால்தான் வந்தது.

திங்கள் வரை நேரம் கொடுத்திருக்கிறார். ஒரு படம் போதும் என்றார். வாழப்பாடி அண்ணனுக்கு போன் செய்யலாமா என்று யோசித்தேன். லோடு இருக்கும்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. கடையில் நிற்க இடமில்லை. கல்யாணம் 6, புதுமனை 2, காதுகுத்து 3. டீ வாங்கிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

மூன்றாவது காதுகுத்து கடை வாட்ஸ்அப்பில் வந்தது. குமரேசண்ணன் மவுஸை என் பக்கம் தள்ளி, "ராஜஸ்தான்ல இருந்து அனுப்பறாப்ல. ரிக்கு வண்டிக்காரரு. பத்து நாள்ல கெடா வெட்டாம். நீயே பாரு" என்றார்.

குழந்தை படம் ஒன்று. மொட்டை, அழுகை. தாய்மாமன் படம் ஒன்று, நாற்காலியில் ராஜா மாதிரி. அப்புறம் நண்பர்கள். ஒவ்வொன்றாக இறக்கினேன். பழக்கம், எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

மனசு தானாகவே பாஸ்போர்ட் ஃபோல்டருக்குப் போனது. ச்சீ என்று கையை எடுத்துக்கொண்டேன். கேட்காமல் இனி வேண்டாம். காலியாகவே விடலாம், குமரேசண்ணன் திட்டட்டும்.

அப்போது இன்னொரு படம் இறங்கியது.

வீடியோ காலிலிருந்து பிடித்த படம். மூலையில் சிக்னல் கோடு, நேரம். மங்கல். பின்னால் மணி வீட்டுச் சுவர், சாமி காலண்டர். நடுவில் ஒருத்தன், கன்னம் புடைக்கச் சோறு, கண் விரிந்து, ஆடாமல்.

அடியில் குரல் பதிவு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், கடையே கேட்டது. "அண்ணா, பன்னெண்டாவது படம் கொஞ்சம் சுமாரா இருக்கும், அதையே போட்ருங்க. கீழ பேர் மறக்காம போடுங்க, போன தடவ விட்டுப்போச்சு. தனபாலு."

"அட, இது நீதானேடா?" குமரேசண்ணன்.

ரெசல்யூஷன் பத்தவே பத்தாது. பத்தடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக வரும். வேறு நல்ல படம் அனுப்பச் சொல்வதுதான் கடை வழக்கம். சொல்லவில்லை. மேடத்துக்குத் திங்கட்கிழமைக்கு ஒரு காப்பி பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். தலையை வெட்டவில்லை, சுவரும் காலண்டரும் இருக்கட்டும்.

பேனருக்கு மட்டும் வட்டமாக வெட்டினேன். ஆறு நிமிட வேலை. அரை மணி ஆனது. கீழே பெயர் அடித்தேன்.