இறந்தோர் பட்டியலில் நாலாவது பெயர்

கொலோன்
6.2.1995

மதிப்பிற்குரிய ஜேசுரட்ணம் ஐயாவுக்கு,

என் பெயர் பீலிக்ஸ். கேவலார் மாதா கோவில் திருவிழாவில் உங்கள் மகள் டெல்சியைச் சந்தித்தேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நீங்கள் திருகோணமலையில், பிரித்தானியக் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் இறங்குதுறை கட்டியவர் என்று சொன்னார். அந்தப் பிரிவில் இருந்த பலர் தங்களுக்கு உரிய பதக்கத்தைக் கேட்டு வாங்கவே இல்லை. லண்டனுக்கு எழுதி இதுவரை ஆறு பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பகலில் பஸ் கழுவுகிறேன். பின்னேரத்தில் படிவம் நிரப்புகிறேன். அகதியாக வந்தவனுக்குப் படிவம் நிரப்பச் சொல்லித்தர வேண்டுமா!

என் அப்பா மரியரட்ணமும் அதே பிரிவுதான். நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் லீவில் மன்னாருக்கு வர இருந்தவர், வரவே இல்லை. நான் அப்போது அம்மாவின் வயிற்றில். லீவில் போனவர் திரும்பவில்லை, ஆகவே பதக்கம் இல்லை என்று லண்டன் எழுதிவிட்டது. ஊரும் அவரை ஓடிப்போனவர் என்றே சொன்னது. அவரை உங்களுக்குத் தெரியுமா?

அன்புடன்,
பீலிக்ஸ்

பேர்லின்
21.2.1995

அன்புள்ள தம்பி பீலிக்ஸ்,

கடிதம் கிடைத்தது. நீர் செய்வது பெரிய காரியம். இங்கே நொய்கெல்னில் பனி விட்டபாடில்லை. எனக்கு முன்னரே என் முழங்கால் எழும்பி முனகுகிறது.

எனக்குப் பதக்கம் வேண்டாம். படிவம் அனுப்பவேண்டாம். அந்த நேரத்தில் வேறொருவருக்கு எழுதும். அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லும்.

ஜேசுரட்ணம்

கொலோன்
8.3.1995

அன்புள்ள ஐயா,

ஒரு வேடிக்கை. நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு வீசியபோது இறந்த கட்டுமானப் பிரிவினருக்காக அடுத்த மாதம் இங்கே கோவிலில் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். அதற்காக லண்டனிலிருந்து பட்டியல் எடுத்தேன். நாலாவது பெயர் நீங்கள்! டெல்சியிடம் போனில் சொன்னேன். "ஆவியெண்டால் இவ்வளவு தேத்தண்ணி குடிக்குமோ, அண்ணை?" என்று சிரித்தார். எழுதுவினைஞரின் பிழையாக இருக்கும். திருத்தச் சொல்லட்டுமா?

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுத மறந்துவிட்டீர்கள். அம்மா இங்கே என்னோடுதான் இருக்கிறார், எழுபத்துமூன்று வயது. அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால், இன்றுவரை அவருடைய ஆன்மாவுக்கு ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லை. "ஓடினாலும் பரவாயில்லை, எங்கயாவது உயிரோட இருக்கட்டும்" என்பார்.

பீலிக்ஸ்

பேர்லின்
17.3.1995

தம்பி,

பிழை எழுதுவினைஞருடையது அல்ல. என்னுடையது.

எங்கள் ஒவ்வொருவருக்கும் இலக்கம் பொறித்த தகடு இருந்தது. காலையில் அதைக் காட்டித்தான் வேலைக்குப் போவோம். ஒருவருக்கு ஏலாவிட்டால், அவருடைய தகட்டை லீவில் நிற்பவர் போட்டுக்கொண்டு போவார். எல்லோரும் செய்த களவுதான். அன்று எனக்கு மலேரியா. ஏற்கெனவே இரண்டு தரம் படுத்துவிட்டேன். மூன்றாந் தரம் என்றால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். உம்முடைய அப்பா ஊருக்குப் பெட்டி கட்டிவிட்டார். "பின்னேர ரயிலுக்குத்தானே போறன், நீ படு" என்று சொல்லி என் தகட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார். காலையிலேயே குண்டு விழுந்தது. முகத்தை அடையாளம் காண முடியவில்லை. தகட்டைப் பார்த்து என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயது. பயத்தில் ஊருக்கு ஓடினேன். ஓடியவன் நான்தான், உம்முடைய அப்பா அல்ல. நான் செத்துவிட்டேன் என்ற கடிதத்தைத் தபால்காரர் என் கையிலேயே தந்தார். முதலில் மறியலில், சிறையில் போடுவார்கள் என்ற பயம். பிறகு வெட்கம். உம்முடைய அப்பாவுக்கு ஒரு பிள்ளை பிறந்ததென்று கேள்விப்பட்டும் வாயைத் திறக்கவில்லை.

நொத்தாரிசின் முன் சத்தியம் செய்து கையொப்பமிட்ட கடதாசி இத்துடன் இருக்கிறது. லண்டனுக்கு அனுப்பும். விசாவுக்கு ஏதும் பிரச்சினை வரும் என்று டெல்சி அழுகிறாள். வரட்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. பதில் எழுதவேண்டாம்.

ஜேசுரட்ணம்

கொலோன்
2.10.1995

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக எழுதவில்லை. கோபம்தான். உங்கள் கடிதத்தைக் கிழிக்கப் போனேன்; அம்மா பறித்துக்கொண்டார். மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். "அப்ப இந்த மனிசன் வீட்டை வரத்தான் வெளிக்கிட்டிருக்கு" என்றார். அன்று முழுக்க அழுதார். அடுத்த நாள் ஐம்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக அப்பாவின் பெயருக்குப் பூசை கேட்டார்.

கடந்த கிழமை பதக்கம் வந்தது. பட்டியலில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லாமலே இருந்திருந்தால் உங்களை ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை. சொன்னீர்கள். அதற்கு மனதார நன்றி, ஐயா. என் பிள்ளைகளுக்கு இனி ஒரு அப்பப்பா இருக்கிறார்.

நவம்பர் இரண்டாம் திகதி, ஆன்மாக்கள் திருநாளில் பூசை. உங்களைக் கூப்பிடச் சொன்னது அம்மாதான். "அந்தத் தம்பியை வரச்சொல்லு. நான் ஒண்டும் ஏசமாட்டன். அண்டைக்குக் காலமை இவர் ஏதும் சாப்பிட்டிட்டுப் போனவரோ எண்டு மட்டும் கேக்கோணும்" என்றார்.

வாருங்கோ. ரயில் நிலையத்தில் காத்து நிற்பேன்.

உங்கள் அன்பு மகன்,
மரியரட்ணம் பீலிக்ஸ்