அந்த ‘ங்க’ உங்களுடையது

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாமல் இந்த வருடத் திருவிழாவும் முடிந்துவிட்டது. அம்மாதான் முதல் பாட்டுப் பாடினார். தம்பி கீபோர்டும் வாசித்து, உங்கள் மைக்கையும் பிடித்துக்கொண்டான். தப்பில்லாமல்தான் பேசினான். ஆனால் பாதியிலேயே சனம் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

கரவனெல்லப் பக்கம் எந்த ரப்பர் தோட்டத்தில் மேடை போட்டாலும் நம் வீட்டு இசைக்குழுவைத்தானே கூப்பிடுவார்கள்? அம்மா பாடகி, நீங்கள் அறிவிப்பாளர், நடுவில் வரும் குட்டி நாடகத்தில் நான் கிழவி. சிங்களச் சனமும் வந்து நிற்பதால் இரண்டு பாஷையிலும் பேசுவீர்கள். தமிழில் மரியாதைக்குப் போடும் ‘ங்க’வைச் சிங்களத்துக்கும் போட்டுவிடுவீர்கள். அவர்கள் ஆமாம் என்பதற்கு ‘ஒவ்’ என்றால், உங்களுக்கு அது ‘ஒவ்ங்க’. நன்றிக்கு ‘ஸ்தூதிங்க’. “வெறும் ஒவ்னு சொன்னா மரியாத இல்லாத மாதிரி இருக்கே பாப்பா” என்பீர்கள்.

கொழும்பில் எனக்குக் கிடைத்த முதல் சிங்களச் சீரியலில், தோட்டத்திலிருந்து வந்த வேலைக்காரி வேடம். என் சிங்களம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, சிரிப்பே வரவில்லை என்றார் டைரக்டர். நான் யோசிக்கவேயில்லை அப்பா. வீட்டுக்கார அம்மாவாக நடித்தவரைப் பார்த்து ‘ஒவ்ங்க’ என்றேன். அங்கிருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில் த்ரீவீல் ஆட்டோக்காரர்கள்கூட என்னைக் கண்டால் அதையே சொல்லிக் கத்தினார்கள். பெயர் கிடைத்துவிட்டது என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அம்மா போனில் சொன்னார்: “ஒங்கப்பா இப்ப டவுன்ல வெரலக் காட்டித்தான் சாமான் வாங்குறாரு புள்ள. வாயத் தொறந்தா, மக மாதிரியே பேசுறாருன்னு கடையில சிரிக்கிறானுங்க.”

மகளைப் போல நீங்கள் பேசுகிறீர்களாம்!

உங்களிடம் கேட்டேன். “சனம் சிரிக்குதுல்ல, அது போதும்” என்றீர்கள். நம்பியதாக வைத்துக்கொண்டேன். அடுத்த பாகத்துக்கு ஷூட்டிங் இருந்தது. உண்மையிலேயே போதுமாக இருந்ததா அப்பா?

நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில், எங்கே வலிக்கிறது என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். ஊரையே பேசி மயக்கிய நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். “நீங்களே சொல்லுங்கப்பா” என்றேன். “நீயே சொல்லு. நீதான் சரியாப் பேசுவ.” அதற்குப் பதில் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அம்மா இப்போது அந்த வேலைக்காரிக் காட்சியைப் போனில் போட்டுப் போட்டுக் கேட்கிறார். “மூஞ்சியப் பாக்காமக் கேட்டா அப்படியே அவருதான்” என்கிறார். எனக்கு அங்கே உட்கார முடிவதில்லை, எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

புதிதாக ஒரு சீரியல் வந்திருக்கிறது. இதிலும் தோட்டத்துப் பெண்தான், ஆனால் கதாநாயகி. தன் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளிக்கூட அதிபரிடம் அவள் கெஞ்சுவதை நாளை எடுக்கிறார்கள். அதையும் சிரிப்புக் காட்சியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பேச்சை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால், அது கேலிக்கு மட்டும்தான் ஆகும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும்.

வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. உங்களைப் போலவேதான் பேசுவேன், ஒரு ‘ங்க’கூடக் குறையாமல். யாராவது சிரித்தால் மறுபடி எடுக்கச் சொல்வேன். சிரிப்பு நிற்கிறவரை எடுக்கச் சொல்வேன்.

உங்களைப் போலப் பேசுகிற
உங்கள் மூத்த மகள்