விமானி கேட்ட பூவும் இரண்டு சிவப்பு ரோஜாவும்

அனுப்புநர்:
மஞ்சுளா, வடிவேல் மகள், கேப்டன் நே லின் மனைவி,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை,
படகுத்துறைச் சந்து, அலோன், யாங்கூன்.

பெறுநர்:
உயர்திரு பெத்தபெருமாள் அவர்கள்,
தலைவர், நிர்வாக சபை,
அருள்மிகு படித்துறை மாரியம்மன் திருக்கோயில்,
அலோன், யாங்கூன்.

வழி: செயலாளர் திரு. அய்யாசாமி அவர்கள்.

பொருள்: சென்ற வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் என் கணவருக்காகப் பூக்கட்டிப் பார்த்ததில் நேர்ந்த முறைகேடு - அது செல்லாது என்று சபை முத்திரையுடன் எழுதித் தரக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சபை விதிப்படி எந்த மனுவும் செயலாளர் கை வழியாகத்தான் தங்களிடம் வர வேண்டும். ஆகவே யார் மேல் புகாரோ அவர் கையிலேயே இதைக் கொடுக்கிறேன். அவர் பிரித்துப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கட்டும். தாங்கள் அரிசி ஆலை வேலையாகத் த்வாண்டேயில் தங்கியிருக்கும் சமயத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டிய காரியமாக இல்லாவிட்டால் தாங்கள் திரும்பும்வரை பொறுத்திருப்பேன்.

1. என் கணவர் விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டுகிறவர் என்பது தாங்கள் அறிந்ததே. அவர் பர்மியர், புத்த மதத்தைச் சேர்ந்தவர். ஆனாலும் எங்கள் கல்யாண நாளிலிருந்து நம் அம்மனுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். ஒரு வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். குடம் எடுத்த அன்று அடித்த மழையில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர், குடத்தை மட்டும் தலையிலிருந்து இறக்காமல் நொண்டிக்கொண்டே சந்நிதிக்கு வந்து சேர்ந்தார். கொடுத்த வாக்கு என்றால் அவருக்கு அவ்வளவு கெட்டி. அந்தக் கெட்டித்தனத்தில்தான் இப்போது எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

2. அவருடைய பணி ஒப்பந்தம் முடியும் காலம் வந்ததால் இரண்டு பக்கத்திலிருந்தும் அவரை இழுக்கிறார்கள். மேலும் பத்து வருஷம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால், படையில் ஊக்கத்தொகையோடு புறநகரில் வீட்டுமனை ஒன்று, வெளிநாட்டிலிருந்து கார் இறக்கிக்கொள்ள பர்மிட் ஒன்று, வீட்டுக்கு டெலிபோன் ஒன்று கிடைக்கும் என்று அவருடைய மேலதிகாரி சொன்னார். நல்ல மனிதர், என் கணவர் மேல் உண்மையான பிரியம் உள்ளவர். யாங்கூனில் சொந்த டெலிபோன் என்றால் என்ன என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கியாக்டடாவில் தங்கள் ஆபீஸ் டெலிபோனில் பேசுவதற்கு அந்தத் தெருவே வந்து நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கம், சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் விமானக் கம்பெனி. மனையும் கிடையாது, பர்மிட்டும் கிடையாது. சம்பளம் நல்ல சம்பளம். காலையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு மாண்டலே, ஹேஹோ போய்விட்டுச் சாயங்காலம் யாங்கூனுக்குத் திரும்பிவிடலாம். வேலை முடிந்தால் வீடு.

3. என் மாமியார் டோ டின் மே அவர்கள், பர்மிட் என்ற சொல் காதில் விழுந்த அன்றே காருக்கு நிறம் முடிவு செய்துவிட்டார்கள். பச்சை. முன் சீட்டு அவர்களுக்கு. சாப்பாட்டு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, அவர்கள் கார் சவாரி பழகியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நான் கம்பெனி பக்கம். இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஐயா. எனக்கு அவர் வீட்டில் வேண்டும். கல்யாணமானதிலிருந்து பாதி நாள் அவர் மைச்சினாவில் இருப்பார், மீதி நாள் சிட்வேயில் இருப்பார். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் மேகத்தைக் கேள் என்பார். எங்கள் மகள் சூ சூ பிறந்ததையும் நடை பழகியதையும் அவர் மற்றவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அவர் மட்டும் மனதைத் திறக்கவில்லை. கூடப் பறந்தவர்களை எப்படி விட்டுவருவது என்பார். மறுநாள் மகளின் பழைய செருப்பை எடுத்துப் பார்த்து, இது எப்போது சின்னதாகிப் போனது என்று கேட்பார். அம்மாவுக்கு ஆசை காட்டி ஏமாற்றவும் மனமில்லை, என்னை அழவிடவும் மனமில்லை. கடைசியில் தமக்குத் தெரிந்த தமிழில், "மா மஞ்சு, உங்க அம்மன்கிட்ட கேப்போம். அவங்க சொல்றது எனக்கு ஆர்டர். அப்புறம் பேச்சு மாற மாட்டேன்" என்றார். நானும் மாமியாரும் சம்மதித்தோம். இரண்டு பேருக்கும் அம்மன் அவரவர் பக்கம் என்ற நம்பிக்கை.

4. நம் கோயில் வழக்கப்படி, சிவப்பு ரோஜா ஒன்று, வெள்ளை ரோஜா ஒன்று, தனித்தனியாக வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் பாதத்தில் வைப்பது என்றும், சூ சூ ஒன்றை எடுப்பது என்றும் ஏற்பாடு. சிவப்பு வந்தால் படையிலேயே இருப்பது. வெள்ளை வந்தால் கம்பெனி. வழக்கமாகப் பூசாரிதான் பொட்டலம் கட்டுவார். அன்று செயலாளர் அய்யாசாமி அண்ணன், "தங்கச்சி, நம்ம கேப்டன் காரியம், நானே கட்டுறேன்" என்று உரிமையோடு வாங்கிக்கொண்டு மடப்பள்ளிப் பக்கம் போனார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது என்பதை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

5. தீபாராதனை முடிந்தது. சூ சூ ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் கணவர் இரண்டு குதிகாலையும் சேர்த்து விறைப்பாக நின்று "சரி" என்றார். அந்த ஒரே சொல்தான். மேலதிகாரி முன்னால் நிற்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சந்தோஷமா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று சூ சூவுக்கு நான் இரட்டைச் சடை போட்டிருந்தேன். கையில் வந்த ரோஜாவை ஒரு சடையில் செருகச் சொன்னாள். செருகினேன். மற்றச் சடைக்குப் பூ இல்லையே என்று அவளுக்குக் கவலை. யாரும் தடுக்கும் முன்னே அம்மன் பாதத்திலிருந்த மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்துவிட்டாள். அதுவும் சிவப்பு.

 பூசாரி அய்யாசாமி அண்ணனைப் பார்த்தார். அய்யாசாமி அண்ணன் கூரையைப் பார்த்தார். சூ சூ மட்டும், ஜோடி சேர்ந்துவிட்டது என்று கை தட்டினாள்.

அப்போது என் கணவர் சிரித்தார், ஐயா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பிரகாரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடும்படி சிரித்தார். மகளைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துச் சுற்றினார். அவள் "பேபே, பேபே" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்த, அவர் மழை பெய்யும் முற்றத்துக்கே இறங்கிச் சுற்றினார். இத்தனை நாள் எங்களிடம் சொல்லாததை எல்லாம் அந்தச் சிரிப்பில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரவேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. எனக்கு இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கிறது.

6. முறைகேட்டுக்கு அய்யாசாமி அண்ணன் மூன்று விளக்கம் கொடுத்தார். முதலாவது, பஜாரில் வெள்ளை ரோஜா கிடைக்கவில்லை என்பது. அதைச் சொல்லும்போது அவருக்குப் பின்னால் அம்மன் முழங்கால்வரை வெள்ளை ரோஜா மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது, அம்மன் எப்படியும் சிவப்பைத்தான் கொடுப்பாள் என்று தமக்கு முன்னமே தெரியும், ஆகையால் வெள்ளை வைப்பது வீண் என்பது. மூன்றாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டும் சிவப்பாக வந்ததால் அம்மன் இரட்டிப்பாக உத்தரவு கொடுத்திருக்கிறாள், கேப்டன் இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்றார்.

இதைக் கேட்டு என் மாமியார் எழுந்தார்கள். அவர்கள் பர்மிய மொழியில் பேசியதை நாகரிகம் கருதி இங்கே சுருக்குகிறேன். தெய்வத்திடம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அதற்கு இடம் விட வேண்டாமா என்பது சாரம். பிறகு என் பக்கம் திரும்பி, மகன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது சிரித்த சிரிப்பு இது, நடுவில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை, கார் போனால் போகட்டும், பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார்கள். பச்சைக் காரை அவர்கள் அவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்ததைப் பார்த்து நான் அவர்கள் காலில் விழுந்தேன். நாற்காலிச் சவாரியைப் பார்த்துச் சிரித்ததற்கும் சேர்த்து விழுந்தேன்.

7. இனி எல்லாம் சுகம் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பாயாசம் வைத்தேன். பாயாசத்தைக் குடித்துவிட்டு என் கணவர், கம்பெனிக்குச் சம்மதம் எழுத முடியாது என்கிறார். ஏன் என்றால், வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதானாம். அம்மன் சந்நிதியில் வந்த உத்தரவு சிவப்பு. அது தப்பாக வந்த உத்தரவாக இருக்கலாம், ஆனால் தப்பான உத்தரவையும் மேலிடம் ரத்து செய்தால்தான் ரத்து, கீழே இருப்பவர் தாமே ரத்து செய்துகொள்ள முடியாது என்கிறார். அவர் பழகிய இடத்தில் அப்படித்தான். பூசாரி வாயால் சொல்லிப் பார்த்தார். எழுத்தில் இருக்கிறதா என்று இவர் கேட்டார். என் அப்பா சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு அதிகாரம் இல்லை என்று இவர் பணிவாகத் தெரிவித்தார். வெள்ளிக்கிழமை இரண்டில் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டாக வேண்டும். முத்திரையோடு ரத்து வராவிட்டால் படைப்பக்கமே போட்டுவிடுவார். பால்குடத்தை இறக்காத மனிதர், இதையும் இறக்க மாட்டார். பத்து வருஷம் முடியும்போது சூ சூவுக்கு இரட்டைச் சடை போடும் வயது போயிருக்கும்.

8. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அய்யாசாமி அண்ணன் தமக்காக இதைச் செய்யவில்லை. ஆடி ஊர்வலத்துக்கும் தீமிதிக்கும் டவுன்ஷிப் ஆபீசில் அனுமதி வாங்க, என் கணவர் சீருடையில் கூடப் போய் நின்றால் வேலை சட்டென்று முடிகிறது. வெள்ளைச் சட்டை போட்டுக் கறுப்பு டை கட்டிய கம்பெனி பைலட்டை யார் மதிப்பார்கள் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், எந்தச் சட்டை போட்டாலும் கூட வருகிறேன் என்று என் கணவர் அன்றே சொல்லியிருப்பார். இப்போதும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

ஆகவே நான் வேண்டுவது:

அ. சென்ற வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தது முறைப்படி நடக்கவில்லை, எனவே செல்லாது, கேப்டன் நே லின் அம்மனுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று தாங்கள் கையொப்பமிட்டுச் சபை முத்திரை வைத்து எழுதித் தர வேண்டும். முத்திரை தெளிவாக விழ வேண்டும். பாதி விழுந்தால் என் கணவர் ஏற்கமாட்டார்.

ஆ. மறுபடி பூக்கட்டிப் பார்க்க உத்தரவிட வேண்டாம். பயந்து சொல்லவில்லை. கேட்பதற்கு இனி எங்களிடம் கேள்வி இல்லை.

இ. அய்யாசாமி அண்ணனைப் பதவியிலிருந்து நீக்க வேண்டாம். அவர் போனால் இந்தக் கோயிலில் விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை. இனிமேல் பொட்டலம் மட்டும் பூசாரி கட்டட்டும்.

ஐயா, தாங்கள் பெரிய குடும்பத்துக்காரர். தங்கள் வீட்டில் சாயங்காலம் எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எனக்குத் தினமும் வருகிறது. வருவார் என்று போட்டு, வராமல், மறுநாள் பழஞ்சோறாகத் தின்றே பழகிவிட்டேன். யோசிக்காமல் அவருக்கும் சேர்த்து அரிசி போட வேண்டும். அதற்குத்தான் இந்த மனு.

தங்கள் முத்திரையை எதிர்பார்த்து, அம்மன் மேல் எந்த வருத்தமும் இல்லாமல்,

தங்கள் பணிவுள்ள,
மஞ்சுளா

இடம்: அலோன், யாங்கூன்
நாள்: 14-6-2004

செயலாளர் குறிப்பு:

மனு பெற்றுக்கொண்டேன். இரண்டு தடவை படித்தேன். வெள்ளை ரோஜா விஷயம் உட்பட எல்லாம் உண்மை. தலைவர் திரும்பும்வரை காத்திருந்தால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும் என்பதால், முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இன்று மத்தியானப் படகில் நானே த்வாண்டே போகிறேன். கையொப்பம் வாங்காமல் இந்தக் கரைக்குத் திரும்ப மாட்டேன். தங்கச்சி அரிசியைப் போடலாம்.

அய்யாசாமி